தட்டு எடுக்காத தெரு

பாண்டிச்சேரியில் எங்கள் உப்பளம் தொகுதியில் தேர்தல் என்று வந்துவிட்டால் இரண்டு பேருக்கு நிச்சயமாகப் பிழைப்பு நடக்கும். ஒன்று நான், மைக் செட் வைத்திருக்கிறேன். இன்னொன்று சின்னப்பாப்பா அக்கா. ஆரத்திக்கு ஆள் சேர்ப்பவர். வேட்பாளர்கள் ஜெயிப்பார்கள், தோற்பார்கள், போன தடவை திட்டிய கட்சியிலேயே இந்தத் தடவை நிற்பார்கள். நாங்கள் இருவரும் இருந்த இடத்தில் இருப்போம். அவர்களுடைய மானம் போனால் போகட்டும், எங்களுக்கு வாடகை வந்தால் போதும் என்று இருந்தவர்கள் நாங்கள்.

அக்காவின் தொழில் பார்க்க எளிது, செய்யக் கஷ்டம். வேட்பாளரின் ஜீப் தெருமுனையில் திரும்பும்போது வாசலுக்கு வாசல் பெண்கள் தட்டோடு நிற்க வேண்டும். தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவில் வெற்றிலை, அதன்மேல் கற்பூரம். சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டால் அண்ணனுக்குத் திருஷ்டி கழிந்தது. முன்பெல்லாம் வேட்பாளரே தட்டில் நோட்டு வைப்பார். கேமராவோடு தேர்தல் அதிகாரிகளின் வண்டி சுற்ற ஆரம்பித்த பிறகு, ஜீப் போன கொஞ்ச நேரத்தில் ஒருவர் பைக்கில் வந்து, சொந்தக்காரர் மாதிரி வீட்டுக்குள் தண்ணீர் கேட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த ரகசியம்.

கட்சிக்காரர்கள் ஜாதகம் கணிப்பதும் இந்தத் தட்டை வைத்துத்தான். ஒரு தெருவில் நிறையத் தட்டில் கற்பூரம் எரிந்தால் அந்தத் தெரு நமது. வாசல்கள் காலியாக இருந்தால் அந்தத் தெரு போச்சு. அக்காவும் அப்படித்தான் கணிப்பார். பெரிய பெரிய தலைவர்கள் சொன்ன ஜோசியமெல்லாம் பொய்த்திருக்கிறது, அக்கா தட்டைப் பார்த்துச் சொன்னது பொய்த்ததே இல்லை. நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால், தட்டுக்கு ஏது கட்சி என்பார். குள்ளமான உருவம், வாய் மட்டும் நீளம். எனக்கு நான்கு ஸ்பீக்கர் கட்டினால்தான் குரல் கடற்கரை வரை போகும்; அக்காவுக்கு வாசற்படியில் நின்று கூப்பிட்டால் போதும்.

அக்காவின் அப்பா மில் தொழிலாளி, அக்கா கட்டிக்கொண்ட பலராமன் அண்ணனும் மில் தொழிலாளி. மில் மூடியதும் அண்ணனும் அக்காவும் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனார்கள். அண்ணன் ஒரு இரும்புப் பட்டறையில் சுமை தூக்கினார், அக்கா பிளாஸ்டிக் கம்பெனியில் பாக்கிங். பிள்ளை இல்லை. அதனால் இருவரும் ஒருவரையொருவர் பிள்ளை மாதிரி திட்டிக்கொண்டே இருப்பார்கள். அண்ணன் சோற்றில் உப்பு பத்தவில்லை என்பார். அக்கா அந்த உப்பை அவர் தலையில் கொட்டப் போவதாகச் சொல்வார். தெருவுக்கே அது ரேடியோ மாதிரி.

அந்த ரேடியோ ஒருநாள் நின்றது. அண்ணனுக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் சில நாள் மிஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அரசு ஆஸ்பத்திரி மிஷினுக்கு வரிசை நீளம். ஒரு சாயங்காலம் மூச்சு இரைக்க ஆரம்பித்து, என் சாமான் ஏற்றும் வண்டியிலேயே அவரைப் படுக்க வைத்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முன்பணம் கட்டிவிட்டு வாருங்கள் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அப்படிச் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். அக்காவால் கட்ட முடியவில்லை. வண்டியை அங்கிருந்து திருப்பியபோது அக்கா அண்ணன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அரசு ஆஸ்பத்திரியில் எப்படியோ அன்று பிழைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சட்டசபையில் அந்தச் சட்டம் வந்தது. உயிர் போகிற அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரியும் முன்பணம் கேட்காமல் உள்ளே எடுக்க வேண்டும். டயாலிசிஸ், இருதய ஆபரேஷன் போன்றவற்றுக்குக் கார்டு காட்டினால் போதும், அரசாங்கம் கட்டும். நல்லதுதானே, இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கட்டுவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதில்தான் சண்டை. சாராயத்தின்மேல் வரி என்றார்கள். பாண்டிச்சேரியில் சாராயத்தின்மேல் கை வைப்பது சிங்கத்தின் வாயில் கை விடுவதுதான்.

ஆண்கள் அதற்குக் குவாட்டர் சட்டம் என்று பேர் வைத்தார்கள். பெண்கள் கார்டு சட்டம் என்றார்கள். ஒரே வீட்டில் ஒரே சட்டத்துக்கு இரண்டு பெயர். தனியார் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருநாள் கதவடைத்தார்கள். கார்டு வாங்கினால் ரேஷன் போய்விடும் என்று ஒரு வதந்தி. கார்டுக்காரருக்குப் பழைய ஊசிதான் போடுவார்கள் என்று இன்னொன்று. எங்கள் தெருமூலையில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிரான்சில் ஆஸ்பத்திரி வாசலில் பணத்தை எடுத்து நீட்டினால் பைத்தியம் என்று நினைப்பார்கள், இங்கே நீட்டாதவனைப் பைத்தியம் என்கிறீர்கள் என்று சிரித்தார். அவரும் மாலையானால் ஒரு ரவுண்டு போடுகிறவர்தான். பிறகு விலை ஏறியபோது கூடக் கொடுத்துக் குடித்தார், முணுமுணுக்கவில்லை.

ஓட்டெடுப்பு அன்று சபை சமமாக இரண்டாகப் பிரிந்து நின்றது. கடைசியில் கை தூக்கியவர் எங்கள் எம்.எல்.ஏ. தணிகாசலம். அவர் ஒன்றும் மகான் இல்லை. குடும்பத்துக்கே இரண்டு பிராந்திக்கடை உண்டு. தன் வயிற்றில் தானே அடித்துக்கொண்ட மனிதனை நான் அன்றைக்குத்தான் டி.வி.யில் பார்த்தேன். ஏன் செய்தார் என்று பலர் பல காரணம் சொன்னார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. ஒரு கையால் சட்டம் பிழைத்தது. அந்தக் கடைகளைப் பார்த்துக்கொண்ட மச்சான் வீட்டில் மூன்று மாதம் அவருக்குச் சோறு இல்லை என்று கேள்வி.

கார்டு வந்ததும் அக்கா, அன்று வண்டியைத் திருப்பிய அதே ஆஸ்பத்திரிக்கே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். திங்கள், புதன், வெள்ளி என்று மிஷின் ஓடியது. முகத்து வீக்கம் வடிந்தது. கொஞ்ச நாளில் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டிலிருந்து சத்தம் கேட்டு ஓடினேன். சோற்றில் உப்பே இல்லை என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். கிட்னிக்காரனுக்கு எதுக்கு உப்பு என்று அக்கா பதிலுக்குக் கத்தினார். கத்திக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

இந்த நிலையில் தேர்தல் வந்தது. எதிரே நின்றவர் இராமதாஸ். பேச்சு சர்க்கரையாக இருக்கும். ஆட்சிக்கு வந்ததும் முதல் கையெழுத்து அந்தச் சட்டத்தை ரத்து செய்யத்தான் என்று மேடைக்கு மேடை சொன்னார். கைதட்டல் காதைக் கிழித்தது. கிழித்தது என் ஸ்பீக்கரில்தான், கூட்டத்துக்கு வாடகை வாங்கியிருந்தேன். அப்போது அக்கா மேடைக்குப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முதல் கையெழுத்து என்ற வார்த்தை வந்தபோது, யாரோ தன் வீட்டுக் கூரையைப் பிரிப்பதாகச் சொன்னது போல அவர் முகம் ஆனது.

மறுநாள் இராமதாஸின் ஆள் ஆரத்திக்குப் பேச வந்தான். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். தொழில் செய்த இத்தனை வருடத்தில் முதல் தடவை. இந்தத் தடவை தணிகாசலத்துக்கு மட்டும்தான், அதுவும் தனக்குக் கூலி இல்லாமல் என்றார். தட்டுக்குக் கட்சி வந்துவிட்டதா என்று நான் கிண்டல் செய்தேன்.

"தட்டுக்கு இல்லடா தம்பி. எனக்கு வந்துடுச்சு. அந்தாளு கையெழுத்துப் போட்டான்னா எங்க ஆளு ஒரு மாசம் தாங்க மாட்டாரு."



தணிகாசலத்தின் தேர்தல் வேலைகளைப் பார்த்தவன் வெற்றிச்செல்வன். படித்த பையன், செல்போனில் தொகுதி முழுவதையும் கட்டம் போட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வைத்திருந்தான். எல்லாம் கடைசியில் தட்டு எண்ணிக்கைதான், வண்ணம் பூசியிருந்தான், அவ்வளவே. ஆண்களின் கோபம் ஊரறிந்தது. ஆகவே குப்பத்து மீனவத் தெருக்கள்தான் காப்பாற்ற வேண்டும் என்று இருந்தான். அங்கே கார்டால் பிழைத்தவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு.

குப்பத்துக்குள் ஜீப் நுழைந்த அன்று நான் பின்னால் வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அக்கா நாலு நாளாக வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். எல்லாரும் சரி சரி என்று தலையாட்டியிருந்தார்கள். ஜீப் திரும்பியது. ஒரு வாசலிலும் தட்டு இல்லை. பெண்கள் இருந்தார்கள், இல்லாமல் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். தணிகாசலம் கும்பிட்ட கையோடு காலி வாசல்களைப் பார்த்துக்கொண்டே போனார். அக்கா மட்டும் தெரு நடுவில் ஒற்றைத் தட்டோடு நின்றார். கற்பூரம் கடற்காற்றில் அணைந்து அணைந்து போனது.

அதே தெருவுக்கு மறுநாள் இராமதாஸ் வந்தார். வாசலுக்கு வாசல் தட்டு. தெருவே சிவந்து போய்க் கிடந்தது. வெற்றிச்செல்வன் செல்போனில் அந்தத் தெருவைச் சிவப்பாக்கிவிட்டு, இனிமேல் அங்கே போய் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று தணிகாசலத்திடம் சொன்னான். அக்காவிடம் வேறு மாதிரி சொன்னான். நீங்கள் அந்தப் பக்கம் காசு வாங்கிவிட்டீர்களா என்று கேட்டான். அக்கா அவனை அடிக்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

வேறு யாரையாவது அடித்தே ஆக வேண்டும் என்கிற வேகத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன், பஞ்சாயத்து பண்ண ஆள் வேண்டுமே. அங்கே கூடை முன் உட்கார்ந்திருந்தாள் சின்னப்பொண்ணு. குப்பத்துக்காரி, அக்காவின் ஆரத்தி வரிசையில் எப்போதும் முதல் ஆள். அவள் மகன் ஆகாஷின் கால் துறைமுகத்தில் இரண்டு படகுக்கு நடுவில் சிக்கி நசுங்கியபோது, முன்பணம் கேட்காமல் உள்ளே எடுத்து ஆபரேஷன் செய்தது இந்தச் சட்டத்தால்தான். அக்கா எடுத்த எடுப்பில் அதையே பிடித்தார். நன்றி கெட்டவளே என்று ஆரம்பித்து, மார்க்கெட் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். சின்னப்பொண்ணு வஞ்சிர மீனை அறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க்கா, தட்டு எடுத்தா பின்னாடியே பைக்குல காசு வரும். வருமா வராதா?"

வரும் என்றார் அக்கா.

"எம் புள்ள கால குடுத்தவருகிட்ட தட்டுக் காசு வாங்கிக்கினு நான் எந்த மூஞ்சியோட கடலுக்கு எதுர நிப்பேன்? வாங்க மாட்டேன்னு பைக்குக்காரன்கிட்ட சொன்னா அவன் வுடுவானா? அதான் தெருவுல பேசி வச்சி யாரும் எடுக்கல."

அக்கா கூடைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். பிறகு, அப்படியானால் இராமதாஸுக்கு ஏன் எடுத்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"அவன் எங்களுக்கு என்னா செஞ்சான், கூச்சப்பட? குடுக்கறான், வாங்கனோம்."

பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். குவாட்டர் விலை ஏறியதற்கு ஆகாஷும்தான் கத்துகிறான், ஆனால் நொண்டாமல் நடந்து கடைக்குப் போய்த்தானே கத்துகிறான் என்று சின்னப்பொண்ணு சொன்னதும் மறுபடியும் சிரிப்பு. அக்காவும் சிரித்தார். சிரிக்கும்போதே தலையில் அடித்துக்கொண்டார். இத்தனை வருடம் தட்டைப் பார்த்தே ஊரைப் படித்தவருக்கு, காசுக்கு எடுத்த தட்டு காசைத்தான் சொல்லும் என்பது அன்றுவரை தோன்றவே இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை, வெற்றிச்செல்வனின் செல்போனுக்கும் தோன்றவில்லை.

அக்கா நேராகத் தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனார். வெற்றிச்செல்வன் நம்பவில்லை. மீன்காரி கதையை வைத்துத் தேர்தல் நடத்த முடியாது என்றான். தணிகாசலம் வெகுநேரம் யோசித்துவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று அக்காவிடமே கேட்டார். ஜீப் வேண்டாம், பைக் ஆள் வேண்டாம், கூட்டம் வேண்டாம், நடந்து வாருங்கள் என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, பாட்டும் வேண்டாம் என்றார். என் வாடகையில் மண்.

கடைசி நாள் பிரசாரத்தில் தணிகாசலம் குப்பத்துக்குள் வெறும் காலோடு நடந்து போனார். தட்டு இல்லை. ஆனால் கதவுகள் திறந்திருந்தன. முதல் வாசலில் சின்னப்பொண்ணு ஒரு சொம்பு மோரோடு நின்றாள். அடுத்த வீட்டில் நன்னாரி சர்பத். அதற்கடுத்த வீட்டில் டீ. வாங்கிக் குடிக்காமல் நகர விடவில்லை. ஒரு கிழவர் சட்டையைத் திறந்து நெஞ்சில் இருந்த ஆபரேஷன் தழும்பைக் காட்டினார். ஒருத்தி தணிகாசலத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தெரு முடியும்போது மனுஷன் வயிறு பானை மாதிரி ஆகி, நடக்க முடியாமல் ஒரு கவிழ்த்த படகின்மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. மோர் புளிப்பு என்று சமாளித்தார்.

ஓட்டுப் போடும் நாள் ஒரு புதன்கிழமையில் வந்தது. பலராமன் அண்ணன் ஆஸ்பத்திரியில் மிஷினை விட்டு இறங்கியதும், கையில் பிளாஸ்திரியோடு நேராக வாக்குச்சாவடிக்குப் போனார். பெண்கள் வரிசை பள்ளிக்கூடச் சுவரைச் சுற்றி வளைந்து போயிருந்தது. மீன் வாடையும் மல்லிகையும் கலந்து அடித்தது. அக்கா அண்ணனை முன்னால் தள்ளி, வழி விடுங்கள் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வரிசை முழுவதும் ஒதுங்கியது.

எண்ணும் நாளன்று இராமதாஸ் எனக்குக் காலையிலேயே ஆள் அனுப்பி, வெற்றிக் கூட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்டச் சொல்லிவிட்டார். தொழில் தொழில்தான், ஏணி போட்டு ஏறினேன். முதல் சுற்றுகளில் அவர்தான் முன்னால். கீழே வெடி வெடித்தார்கள், லட்டு சுற்றி வந்தது, நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். பிறகு குப்பத்துப் பெட்டிகள் திறந்தன. டி.வி. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். உச்சிவெயிலுக்குள் தணிகாசலம் தாண்டிவிட்டார். முடிவில், போன தடவை வாங்கியதைவிடப் பெரிய வித்தியாசம்.

சும்மா சொல்லக்கூடாது, எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களில் இரண்டு பேர் மண்ணைக் கவ்வினார்கள். எதிர்த்துக் கை தூக்கியவர்களில் அதைவிட அதிகம் பேர் கவ்வினார்கள். ஆட்சி மயிரிழையில் நின்றது. நின்றதே, அதுதான் வேண்டும். முதல் கையெழுத்துப் பேனாவை இராமதாஸ் மூடி போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் லட்டை மென்றுகொண்டே கட்டிய ஸ்பீக்கரை அவிழ்த்து, இரண்டு தெரு தள்ளித் தணிகாசலத்தின் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கட்டினேன்.

சாயங்காலம் வெற்றி ஊர்வலம் குப்பத்துக்குள் திரும்பியது. அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு வாசல் பாக்கியில்லை. எவர்சில்வர் தட்டு, பித்தளைத் தட்டு, மீன் கழுவும் அலுமினியத் தட்டு, எல்லாவற்றிலும் கற்பூரம். எல்லாருக்கும் முன்னால் சின்னப்பாப்பா அக்கா. சுற்றி முடித்துப் பொட்டு வைக்கும்போது, பழக்கதோஷத்தில் தணிகாசலத்தின் கை சட்டைப்பைக்குப் போனது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தும் அக்கா சொன்னது தெரு முழுவதும் கேட்டது.

"கைய எடுங்கண்ணே. இது கூலிக்கு எடுத்த தட்டு இல்ல."

தணிகாசலம் கையை எடுத்துக் கும்பிட்டார். விசில் காதைப் பிளந்தது. வெற்றிச்செல்வன் ஓரமாக வந்து அக்காவிடம் ஏதோ சொன்னான். மன்னிப்பாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

நான் பாட்டை நிறுத்திவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டு அக்காவோடு நடந்தேன். வீட்டு வாசலில் பலராமன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தட்டில் புதிதாகத் தண்ணீர் கரைத்து, கற்பூரம் ஏற்றி, அவரை எழுந்து நிற்கச் சொன்னார். அண்ணனுக்கு வெட்கம். எனக்கெதற்கு, நான் எந்த எலெக்ஷனில் ஜெயித்தேன் என்று கேட்டார்.

"வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறல்ல? அப்ப நீதான்யா ஜெயிச்ச."

அண்ணன் எழுந்து நின்றார். அக்கா நிதானமாகச் சுற்றினார். ஊரில் எத்தனையோ பேருக்குச் சுற்றிய கைதான், அன்று ஒரு சுற்று கூடவே சுற்றியது. பொட்டு வைத்து முடிந்ததும் அண்ணன், முறை என்று ஒன்று இருக்கிறதே என்று சட்டைப்பையைத் துழாவினார். காசு ஒன்றும் அகப்படவில்லை. கைக்குக் கிடைத்தது கார்டுதான். அதை எடுத்துத் தட்டில் வைத்தார்.

அக்கா பதறிப்போய் அதைச் சிவப்புத் தண்ணீரிலிருந்து எடுத்து, தலைப்பால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் படம் அழிந்துவிட்டதா என்று பார்த்தார். அறிவுகெட்ட மனுஷா, இது நனைந்தால் வெள்ளிக்கிழமை எவன் உள்ளே விடுவான் என்று ஆரம்பித்தார். அண்ணன் பதிலுக்குக் கத்தினார். நான் திரும்பிப் போய் மைக் செட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வழியாகக் கிளம்பும்போதும் அவர்கள் நிறுத்தவில்லை.